டெஸ்ட் பட்டன்

குளிச்சு முடிச்சதும் பாத் டப்புல தண்ணியை நிறுத்தி வைக்கக் கூடாது மேடம். உடனே திறந்து விட்டுடணும். பெருங்களத்தூர் போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஒரு வாரம் விட்டா ஜெட் வாயெல்லாம் வெள்ளையா உப்புப் பூத்துடும். நான் ஞாயித்துக்கிழமை ஆனா வெந்நீர்ல வினிகர் ஊத்தி மோட்டாரை ஓட விடுவேன். பழைய பல் பிரஷ்ஷால ஒவ்வொரு துளையா தேய்ப்பேன். தண்ணி இழுக்கிற வலையில என் பொண்டாட்டி சாவித்ரியோட முடி சுத்திக்கிட்டு இருக்கும், அதையும் எடுத்துப் போடுவேன். என்னை மாதிரி ஒரு டப்பைப் பாத்துக்கிட்டவன் இந்த ஏரியாவுலயே கிடையாது. அதை முதல்ல எழுதிக்கோங்க.

அடுத்தது, சாலமனை வீட்டுக்கு அனுப்பிடுங்க. ரெண்டு பொண்ணுக்கு அப்பன் அவன். படப்பையிலேருந்து பைக்ல வந்து சர்வீஸ் பண்ணிட்டுப் போறவன். அவன் வயரிங் சரியில்லாமதான் என் பொண்டாட்டி செத்தான்னு ஸ்டேஷன்ல பிடிச்சு உட்கார வெச்சிருக்கீங்க. அவன் வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது. நான் ஐடிஐயில எலக்ட்ரிகல் பாடம் நடத்தி ரிட்டையர் ஆனவன். எனக்குத் தெரியாதா?

டீ வேணாம் மேடம், சர்க்கரை இருக்கு எனக்கு. தண்ணி போதும்.

சாவித்ரி ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ்ஸா இருந்தவ. மனை வாங்கினது அவ, வீடு கட்டினப்ப மேஸ்திரிகிட்ட சண்டை போட்டது அவ, பொண்ணு ஸ்நேகாவுக்கு மாப்பிள்ளை பாத்ததும் அவதான். கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை ஒரு வேலைக்கும் கூப்பிட்டதில்லை. 'விடுங்க, நான் பாத்துக்கறேன்'. இதுதான் அவ வாயில வரும். குத்தமா சொல்லல. அவ சுபாவம் அப்படி.

போன வருஷம் மாடிப்படியில விழுந்து இடுப்புல அடி பட்டுச்சு. வெந்நீர்ல உக்காந்தா வலி குறையும்னு டாக்டர் சொன்னாரு. ஸ்நேகா நாவலூர்ல ஐடி கம்பெனியில இருக்கா. அவதான் மோட்டார் வெச்சு வெந்நீரைப் பீச்சி அடிக்கற இந்த டப்பை வாங்கிப் போட்டா. ஆரம்பத்துல சாவித்ரியால தானா இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. பாத்ரூம் வாசல்ல சேர் போட்டு உக்காந்திருப்பேன். 'என்னங்க'ன்னு கூப்பிடுவா. போய்த் தூக்கி விடுவேன். தலையைத் துவட்டி விடுவேன். சொன்னா சிரிப்பீங்க, புதுசா கல்யாணம் ஆன மாதிரி இருந்துச்சு எனக்கு.

அந்த டப்பு நல்ல டப்பு மேடம். வலி குறைஞ்சுபோச்சு. பக்கத்துச் சுவத்துல நான் ஒரு ஸ்டீல் கம்பி பதிச்சுக் கொடுத்திருந்தேன், அதைப் பிடிச்சுக்கிட்டு அவளே இறங்கி ஏற ஆரம்பிச்சுட்டா. கதவைச் சாத்திக்கிட்டா. 'நீங்க எதுக்குக் காவல் காக்கறீங்க, போய் பேப்பர் படிங்க'ன்னுட்டா.

பேப்பர்ல என்ன இருக்கு படிக்க?

பாத்ரூமுக்கு வெளியில அந்த டப்புக்குன்னே ஒரு ட்ரிப்பர் இருக்கு. தண்ணியில கரண்ட் கசிஞ்சா கண் மூடித் திறக்கறதுக்குள்ள பட்டுனு கட் பண்ணி ஆளைக் காப்பாத்தும். அது ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க அதுலயே ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் வெச்சிருப்பாங்க. மாசம் ஒரு தரம் அழுத்திப் பாருங்கடான்னு கிளாஸ்ல பசங்ககிட்டத் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். அவ உள்ள இருக்கறப்ப ஒரு நாள் அதை அழுத்தினேன். மோட்டார் நின்னுச்சு.

'என்னங்க, நின்னுபோச்சு பாருங்க.'

அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டு லீவரைத் தூக்கி விட்டேன். சரி பண்ணிட்டேன்னேன். 'நல்லவேளை, நீங்க இருந்தீங்க'ன்னா. அவ்வளவுதான் மேடம். அதுக்கப்புறம் எப்பவாவது அழுத்துவேன். பிறகு தினமும்.

சாலமனை வரவழைச்சது அவதான். அவன் டப்போட பக்கவாட்டுக் கதவைக் கழட்டி, டப்புக்கு அடியில தலையை விட்டு, மோட்டாரு, வயரு எல்லாத்தையும் பாத்தான். 'எல்லாம் கரெக்டா கீது சார். ஏன் ட்ரிப் ஆவுதுன்னே புரில. ஒரே பேஜாரா கீது'ன்னான். அடுத்த தடவை வந்து ட்ரிப்பரையே புதுசா மாத்திட்டுப் போனான். புதுசுலயும் அந்த பட்டன் இருந்துச்சு. ஸ்நேகா அவனைப் போன்ல வாங்கு வாங்குன்னு வாங்கினா. பாவமாத்தான் இருந்துச்சு.

நான் நினைச்சது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. 'அந்த டப்போட மல்லுக்கட்டினது போதும், எங்க ஃப்ளாட்டுக்கு வந்துடும்மா, கீழயே பிசியோதெரபி இருக்கு'ன்னு ஸ்நேகா கூப்பிட்டா. இவளும் சரின்னுட்டா. அப்பா என்ன பண்ணுவாருன்னு அவ கேட்டிருப்பா போல. 'அப்பா சமாளிச்சுப்பாரு'ன்னு இவ சொன்னது ஹால் வரைக்கும் கேட்டுச்சு.

ஒரு மாசம்தான்னு சொன்னா. ஒரு மாசத்துக்குப் போறவ எதுக்கு மேடம் பீரோச் சாவியை எடுத்து வெச்சுக்கறா?

சோறு இறங்கல. போகாதேன்னு வாய் விட்டுக் கெஞ்சினேன். கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன், சொல்ல வெக்கமா இருக்கு. 'சின்னப் புள்ளையாட்டம் என்ன இது. டப்பு ஒழுங்கா ஓடினா நான் ஏன் போகப்போறேன்'னா.

பட்டனைத் தொடக் கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். தொடவும் இல்லை. மறுநாள் மோட்டார் அதுவா நின்னுச்சு.

டப்போட பக்கவாட்டுக் கதவைக் கழட்டிப் பாத்தேன். உப்புத் தண்ணி வாஷரை அரிச்சிருந்துச்சு. தண்ணி மோட்டாருக்குள்ள இறங்கி, அடி வயிறெல்லாம் ஈரம். நிஜமாவே கரண்ட் கசியுது. சாலமனைக் கூப்பிட்டா ஸ்பேர் வர வரைக்கும் டப்பை மூடுன்னு சொல்லுவான். அதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துடும், ஸ்நேகா காரோட வந்து நிப்பா.

ட்ரிப்பரைத் தாண்டி நேரா கரண்ட் கொடுத்தேன். என் கையாலதான். ஒரு ஸ்க்ரூ ட்ரைவர் போதும் அதுக்கு. இனிமே கரண்ட் கசிஞ்சாலும் ட்ரிப்பர் கட் பண்ணாது.

எர்த் பத்தியும் சொல்லிடறேன், விட்டா வக்கீல் கேப்பான். கசியற கரண்டை மண்ணுக்குள்ள இறக்கி விடற எர்த் குழி தோட்டத்துல இருக்கு. வெயில் காலத்துல சனிக்கிழமை சனிக்கிழமை அதுல ஒரு பக்கெட் தண்ணி ஊத்தணும், இல்லாட்டி மண்ணு காஞ்சு எர்த் பிடிக்காது. இந்த வருஷம் போர் அடி மட்டத்துக்குப் போயிடுச்சு. வாங்கின லாரித் தண்ணி அவ குளிக்கவே பத்தல. அவளுக்காக மிச்சம் பிடிச்சேன். குழி காஞ்சு கிடக்குன்னு தெரியும் எனக்கு.

டப்பு ஜோரா ஓடுச்சு. ஒரு தரம்கூட நிக்கல. 'பரவாயில்லையே, இப்பத்தான் சரியாச்சு'ன்னா. 'இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்டி'ன்னு ஸ்நேகாவுக்குப் போன் பண்ணினா. நான் பூஜை ரூம்ல போய் விழுந்து கும்பிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்துச்சு, போச்சு. அவ போகல.

நேத்துக் காலையில அவ குளிக்கப் போனப்ப நான் ஹால்ல இருந்தேன். மெயின் சுவிட்சு என் தலைக்கு மேலதான். எழுந்து கையை நீட்டினா எட்டும். நீங்களே போய் அளந்து பாத்துக்கலாம்.

'என்னங்க, தண்ணி சுருக்கு சுருக்குன்னு கடிக்கற மாதிரி இருக்கு.'

என்னன்னு எனக்கு அந்த நிமிஷமே புரிஞ்சுபோச்சு. புரியலன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா டப்பு ஒழுங்கா ஓட ஆரம்பிச்சதுலேருந்து அவ என்னைக் கூப்பிடவே இல்லை மேடம். அந்தப் பக்கமே எனக்கு வேலை இல்லாமப் போச்சு. அவ எப்பவும் ரெண்டு தரம் கூப்பிடுவா. இன்னொரு தரம் கூப்பிடட்டும்னு உக்காந்திருந்தேன்.

கூப்பிடல. ஏறி வர நான் பதிச்ச அந்த ஸ்டீல் கம்பியைப் பிடிச்சிருக்கா. தண்ணியில இருந்த கரண்ட் அவ உடம்பு வழியாப் பாஞ்சு கம்பியில இறங்கிடுச்சு.

அப்புறம் எல்லாம் முறைப்படிதான் செஞ்சேன். மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் அவளைத் தொட்டேன். பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே. தூக்கிப் படுக்க வெச்சேன், தலையைத் துவட்டி விட்டேன். இப்ப ஸ்நேகா வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கா, என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறா. கோவம் இருக்கத்தான் செய்யும், பெத்தவ இல்லையா. நான் சாவித்ரியைக் கொன்னேன்னு நீங்க எழுதறதை எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா கடைசி நேரத்துல அவ கூப்பிட்டது என்னைத்தான் மேடம், பொண்ணை இல்ல. அதையும் எழுதிக்கோங்க.