நாலில் ஒன்று போதும்

டீ ஆறிவிட்டது, பரவாயில்லை ஐயா. நான் ஆறின டீதான் குடிப்பேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில், மற்றவர்கள் தங்கள் நிரல்களில் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு நிரல் நூலகத்தைப் பன்னிரண்டு வருடமாகச் சம்பளமில்லாமல் பராமரிக்கிறேன். ஃபைலைத் திறப்பது, பெயர் மாற்றுவது போன்ற அடிப்படை வேலைகளுக்கானது. எழுத்துகளை வைக்க அங்கே நாலு வகை ஸ்ட்ரிங்; அதில் பைட் வகை மட்டும் எந்த எழுத்துமுறையையும் அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் ஒரே வேலைக்கு நாலு ஃபங்ஷன். ஒன்றில் பிழை திருத்தினால் மற்ற மூன்றிலும் திருத்த வேண்டும். அரைத்த மாவையே எத்தனை வருடம் அரைப்பது? ஒன்று போதும் என்று முடிவெடுத்தேன். யாரைக் கேட்டாலும் நியாயம் என்பார்கள்.

என் தங்கை வீட்டுக்காரர் மட்டும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சேமிக்கும் நிரல் அவருடையது, என் நூலகத்தின் மேல் ஓடுவது. அங்குள்ள பழைய மெஷின் ஏதோ பழைய எழுத்துமுறையில் நோயாளியின் பெயரையே ஃபைலுக்கு வைக்கும்.

"பைட் வகையில கை வைக்காதீங்க மச்சான். மத்ததுக்கு அந்தப் பேர் புரியாது, எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறி போட்டுடும். பேர் ஒரே நீளமா இருந்தா ரெண்டு பேரோட ஃபைலுக்கு ஒரே பேர் வந்துடும், ஒண்ணு மேல இன்னொண்ணு ஏறி உட்காந்துக்கும்" என்றார்.

சரியான பேச்சு. அதோடு நிறுத்தியிருக்கலாம். சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும், "வெட்டி வேலைக்கு எவ்வளவு பந்தா பாரு" என்று சிரித்தார். என் தங்கையும் சிரித்தாள்.

கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். வயிறு எரிந்தது, அவ்வளவுதான். அந்த பைட் ஃபங்ஷனை நீக்கியிருந்தால் அவருடைய நிரல் கம்பைல் ஆகாமல் நின்றிருக்கும், உடனே தெரிந்திருக்கும். எனவே ஃபங்ஷனின் பெயரை அப்படியே விட்டு, உள்ளே மட்டும் வேறு வகைக்கு மாற்றினேன். சின்னத் திருத்தத்துக்குரிய பதிப்பு எண் கொடுத்தேன், அவருடைய நிரல் தானாகவே எடுத்துக்கொள்ளட்டும் என்று. வெளியிடும் முன் என் கணினியில் இரண்டு ஃபைல் வைத்துப் பார்த்தேன். ஒன்றுதான் மிஞ்சியது.

ஐந்தாம் நாள் தங்கை போன் செய்தாள். "அண்ணா, பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்கு வேற ரத்தம் ஏத்திட்டாங்களாம், போயிட்டா. எங்க தப்புன்னே தெரியலைன்னு இவரு தலையில அடிச்சிக்கறாரு. நீ கொஞ்சம் பாரேன்."

"பாக்கறேம்மா" என்றேன். பழைய நாலு வரியைத் திரும்ப வைத்தால் போதும், இரண்டு நிமிட வேலை. ஆனால் அவரல்லவா கூப்பிட வேண்டும்? போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். குளிக்கும்போதுகூட.

பதினோராம் நாள் அதே மாதிரி வேறு ரத்தம் ஏறி ஒரு லாரி டிரைவர் செத்தார்.

மாற்றியது நான்தான், தெரிந்தேதான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். "அன்னிக்குப் பேசினது தப்பு மச்சான்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த டிரைவர் இன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். இத்தனை திமிர் உள்ளவரை நம்பி ஆஸ்பத்திரியில் உயிர்களை ஒப்படைத்திருக்கிறார்களே, அதைத்தான் ஐயா என்னால் பொறுக்க முடியவில்லை.