முழுச்செடி எண்ணெய்

வழியில எங்கயும் நிறுத்த முடியாது டுவெய்ன். சட்டம் அப்படி. போதை டெஸ்ட்டுக்குப் பேரு வந்த டிரைவரை ஷெட்டுலேர்ந்து நேரா கிளினிக்குக் கொண்டுபோய் விடணும், காப்பிக்குக்கூட ஓரங்கட்டக் கூடாது. என்ன, ஒண்ணுக்கு வருதா? நல்லதாப் போச்சு, அடக்கி வை. அங்க போய் கப்புல குடுக்கத்தானே போற.

பெல்ட்டைப் போட்டுக்கோ. பனி கொட்டுது, மெதுவாத்தான் போவேன். இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டின கை இது. இப்ப ஆபீஸ்ல போன் எடுக்குது, கார்ல ஆளைக் கொண்டுபோய் விடுது. ‘ரோண்டா, உனக்கு என்ன ஆச்சு’ன்னு நீ என்கிட்ட ஒரு நாளாவது கேட்டியா? கேக்க மாட்ட. நானே சொல்றேன், கேட்டுக்கோ.

போன குளிர்ல எனக்கு ரெண்டு முட்டியும் வீங்கி, பஸ் படி ஏறுறதுக்குள்ள அம்மாடின்னு ஆயிடும். நீதான் ஓடி வந்து பாட்டிலை நீட்டின. சி.பி.டி எண்ணெய், கஞ்சாவுக்குச் சொந்தக்காரச் செடி, ஆனா போதை கெடையாதுன்ன. லேகியம் விக்கிறவன் மாதிரி பேசுறியேடான்னு சிரிச்சேன். காய்ச்சல் நூத்திமூணு அடிச்சாத்தான் மாத்திரையே தொடுற ஆளு நான். லேபிள்ல முழுச்செடின்னு போட்டிருந்துச்சு. அதென்னன்னு கேட்டேன். என்ன சொன்ன நீ? முழுக்கோதுமை ரொட்டி மாதிரி ரோண்டா, எதையும் எடுக்காதது, ஒடம்புக்கு ரொம்ப நல்லதுன்ன. காலங்காலமா அந்த ரொட்டியத் திங்கிறவ நான். ஆமாம்லன்னு நம்பிட்டேன்.

நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு. உவ்வே! புல்லு வெட்டுற மெஷினை நக்கின மாதிரி இருந்துச்சு. மொத நாள் ஒண்ணுமில்ல. மூணாம் நாளும் ஒண்ணுமில்ல. சனிக்கிழமை குப்பையில போட்டுடலாம்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை என்னடான்னா நான் பாட்டுக்கு படி ஏறிட்டேன், சீட்டுல உக்காந்தப்புறம்தான் வலிக்கலையேன்னு ஒறைக்குது. அதை நெனச்சாத்தான் இன்னமும் வயிறு எரியுது. பாழாப்போனது வேலை செஞ்சுது டுவெய்ன்! சுகம் கண்டுட்டேன். ரெண்டு சொட்டு போய் ஒரு ஃபில்லர் ஆச்சு.

எட்டாவது வாரம் டெஸ்ட்டுக்கு ஆள் எடுக்கிற குலுக்கல்ல கம்ப்யூட்டர் என் பேரைத் துப்பிச்சு. போய் கப்புல குடுத்துட்டு வந்தேன். டாக்டர் போன் பண்ணாரு. என்னம்மா சாப்பிட்டீங்கன்னாரு. நான் மறைக்கல, எண்ணெய்ன்னேன். எண்ணெயெல்லாம் ஒரு காரணமா எடுத்துக்க மாட்டோம், மூத்திரத்துல கஞ்சா இருக்கு, அவ்வளவுதான்னு வச்சுட்டாரு. இந்தக் கொலராடோவுல தெருவுக்குத் தெரு கஞ்சாக் கடை. சர்ச்சுல என் பக்கத்துல நின்னு பாடுறவ பையிலயே கஞ்சா மிட்டாய் கிடக்கும். பஸ் டிரைவர்னா மட்டும் ஆகாது.

பஸ் ஓட்டுற வேலை போனதைக்கூட விடு. கடைசி ஸ்டாப்புல ஏறும்ல, டெஸ்ஸா பாப்பா? கடையில என்னைப் பார்த்து ரோண்டான்னு ஓடி வந்துச்சு. அவ அம்மா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா. கஞ்சாக்காரிகிட்ட போகாதேன்னு சொன்னது என் காதுலயே விழுந்துச்சு. கார்ல வந்து உக்காந்து ஓன்னு அழுதேன்டா.

நீ என்ன பண்ணின? சர்வீஸ் மூப்புப்படிதான் ரூட்டு எடுக்கணும். லிஸ்ட்டுல நான் ஒண்ணு, நீ ரெண்டு. நான் இருக்கிற வரைக்கும் என் பதினாலாம் ரூட்டு உனக்குக் கிடையாது. அடுத்த திங்கக்கிழமையே என் பஸ்ஸுல ஏறி உக்காந்துட்ட.

அப்பவும் நான் சந்தேகப்படல. பாவம், அவனுக்கும் தெரியாமத்தான் குடுத்திருப்பான்னு எல்லார்கிட்டயும் உனக்காகப் பரிஞ்சு பேசினேன். ஆகஸ்ட்ல உன் லாக்கர் திறந்து கிடந்துச்சு. உள்ள அதே கம்பெனி பாட்டில். ஆனா முழுச்செடி இல்ல. போதைச்சரக்கு முழுக்க நீக்கியதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. முதுகு வலிக்கு நீ தினம் குடிக்கிறது அது. எனக்குக் குடுத்தது அந்தச் சரக்கை நீக்காத முழுச்செடி. தெரிஞ்சேதான் குடுத்திருக்க.

என்ன, மன்னிப்பா? அதை நீயே வச்சுக்கோ.

வந்தாச்சு பாரு. ஒண்ணு சொல்லிடுறேன், உன் பேரைப் போட்டது நான் இல்ல. சத்தியமா கம்ப்யூட்டர்தான் போட்டுச்சு. நான் செஞ்சதெல்லாம் ஒண்ணே ஒண்ணு. செப்டம்பர்லேர்ந்து நீ என் பிள்ளைங்களை ஏத்தப் போற நேரமாப் பார்த்து, ஆபீஸ் சாவியால உன் லாக்கரைத் திறந்து, பாட்டில்ல இருக்கிறதைக் கொட்டிட்டு முழுச்செடியை ஊத்தி வச்சிட்டு வந்தேன். வாரா வாரம். பதறாதே, போதையெல்லாம் ஏறாது. எட்டு வாரம் நானே குடிச்சிட்டு ஓட்டியிருக்கேன், பிள்ளைங்களுக்கு ஆபத்துன்னா செய்வேனா? கப்புல மட்டும்தான் காட்டும். ருசி மாறினதுகூடத் தெரியலையாக்கும் உனக்கு. இந்தத் தடவை உன் பேரு வரலைன்னா, வர்ற வரைக்கும் ஊத்தியிருப்பேன்.

எறங்கு. டாக்டர் போன் பண்ணுவாரு. ரோண்டாதான் கலந்துட்டான்னு தாராளமா சொல்லு, நான் இல்லைங்க மாட்டேன். எதுல கலந்தான்னு கேப்பாரு. அதையும் சொல்லு, எண்ணெய்லதான்னு.