பதினோரு மில்லிமீட்டர் உறை

2025 ஜூன் 11, புதன்கிழமை, பௌர்ணமி. காலை ஐந்து நாற்பதுக்கு வேங்கிக்காலில் உள்ள என் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிரிவலம் புறப்பட்டேன். பத்து இருபதுக்குத் திரும்பினேன். வெயில் உறைப்பதற்குள் பதினான்கு கிலோமீட்டரையும் முடித்துவிடுவது நல்லது. ஆதிலட்சுமி ஆகிய நான், வயது அறுபத்தொன்பது, ஓர் அரசு அலுவலகப் பதிவறையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெற்றவள். யாருடைய வற்புறுத்தலும் இன்றி இதை எழுதுகிறேன்.

என் கணவர் ராமகிருஷ்ணனுக்குச் சென்ற அக்டோபரில் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் பேச்சும் போயின. இடக்கை மிஞ்சியது, ஆனால் விரல்கள் நடுங்கியதால் திரையைத் தொட்டால் உள்ளங்கையும் சேர்ந்து பட்டு எழுத்துகள் சிதறின. ஓசூரில் இருக்கும் எங்கள் மகள் அபிநயா, எழுதுகோலுடன் கூடிய கைக்கணினி ஒன்றை வாங்கி அனுப்பினாள். அவர் அந்தக் கோலைப் பிடித்து எழுதக் கற்றுக்கொண்டார். நாற்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் என்னிடம் பேசியதைவிட அதிகமாக எழுதினார். மின்விசிறியைக் குறை. ரசத்தில் உப்பு ஜாஸ்தி. ஜன்னலைச் சாத்து. எழுதி முடித்ததும் கோலால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்: அறுபத்திரண்டு முறை. மறுநாள் எண்ணவில்லை. களைப்பாக இருந்தது.

மாதம் ஒருமுறை மலையைச் சுற்றுவது ஒன்றே எனக்கென்று இருந்தது. முதல் சில மாதங்கள் போகவே முடியவில்லை. மார்ச்சில் போனேன், எங்கே இருக்கிறாய் என்று கைபேசிக்குச் செய்தி அனுப்பினார். திரும்பிவிட்டேன். ஏப்ரலில் தண்ணீர் கவிழ்ந்துவிட்டது என்று எழுதினார். திரும்பிவிட்டேன். மே மாதம் அடி அண்ணாமலையை எட்டியபோது தமிழ்செல்வி அழைத்தாள். அவரைக் கவனித்துக்கொள்ள வருபவள் அவள். பௌர்ணமியன்று மட்டும் எங்கள் தெருமுனையில் தன் கணவரின் மோர்க்கடையில் நிற்பாள். எங்கள் வீட்டு மாற்றுச்சாவி அவளிடம் இருந்தது.

“அம்மா, நெஞ்சு வலின்னு அய்யா எனக்கு மெசேஜ் போட்டாரு. ஆட்டோல ஏத்திட்டேன். நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.”

அந்தச் செய்தியைப் பிறகு பார்த்தேன். ‘நெஞ்சு வலிக்கிரது வா’ என்று இருந்தது. வல்லின றகரம் வர வேண்டிய இடம். அரை மணி நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றும், மாரடைப்பு மறுபடியும் வரக்கூடும் என்றும் மருத்துவர் சொன்னார். நான் பாதியில் விட்டுவந்த சுற்றை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுதுகோல் அடிக்கடி கட்டிலுக்கு அடியில் உருண்டு போகும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் வேண்டும். ஆகவே அதையும் கைக்கணினியையும் சேர்த்து வைக்க ஓர் உறையைக் கட்டத்தாளில் வரைந்தேன். மெல்லியதாக இருக்க வேண்டும்; கொக்கியோ காந்தமோ கூடாது. மேல் மடலில் இரண்டு வளையங்கள், அடித்தட்டில் ஒன்று. மடலை மூடினால் மூன்றும் ஒரே கோட்டில் சேரும். அவற்றின் வழியே கோலைச் செருகினால் அதுவே தாழ்ப்பாள். கோலை உருவினால்தான் உறை திறக்கும். மொத்தக் கனம் பதினோரு மில்லிமீட்டர். நல்ல வரைபடம் என்றே இன்றும் கருதுகிறேன்.

டவுனில் தோல்பை தைக்கும் பாசில் நான்கு நாளில் தைத்து முடித்தார்.

“பேங்க் லாக்கர் தோத்துடும்மா,” என்று சிரித்தவர், கோலை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். “ஒரு கையால கவரை அமுக்கினாத்தான் இன்னொரு கைக்கு பேனா வருது. அய்யாவுக்கு ஒரு கைதானேங்க? லூப்பைக் கொஞ்சம் லூஸ் பண்ணிடட்டா?”

“வேணாம் தம்பி. அளவு சரியாத்தான் இருக்கு.”

தமிழ்செல்வி இருக்கும் நேரத்தில் அவளே கோலை உருவிக் கொடுப்பாள்.

“எடுத்துக் குடுன்னு கண்ணாலயே கெஞ்சறாரும்மா. நைட்டு எடுத்து வெளியவே வெச்சுட்டாத்தான் என்ன?”

“எடுத்தது எடுத்த இடத்துல இருக்கணும். போகப் போகப் பழகிப்பாரு.”

ஜூன் 11 அன்று காலை மருந்து கொடுத்தேன். தலையணைகளைச் சாய்த்து உட்கார வைத்தேன். கைக்கணினியை உறையிலிட்டு, கோலைச் செருகி, அவர் மடியில் வைத்தேன். அவர் உறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நெற்றியில் திருநீறு இட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

வழியில் கைபேசி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. எட்டு மாதங்களில் முதன்முறையாகச் சுற்றை முடித்து, ராஜகோபுரத்தின் எதிரே கற்பூரம் ஏற்றினேன். கால்கள் வலித்தன. மனம் அமைதியாக இருந்தது.

நான் திரும்பியபோது அவர் உடல் குளிர்ந்திருந்தது. உறை மூடியே இருந்தது. பாசிலின் தையலில் ஓர் இழைகூட விடவில்லை.

மாரடைப்பு என்று சான்று கொடுத்தார்கள். அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அபிநயா எல்லோர் முன்னிலையிலும் தமிழ்செல்வியிடம் கேட்டாள்: “மெசேஜ் வந்திருக்கும். நீ மோர் ஊத்தினு இருந்திருப்ப. போனைப் பார்த்தியா நீ?” இனி வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். தமிழ்செல்வி வாசலில் நின்று, வராத செய்தியைத் தன் கைபேசியில் மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு தாள் தவறான கோப்பில் கிடப்பதை நான் ஒருநாளும் பொறுத்தவள் அல்லள். ஆகவே எழுதுகிறேன். தமிழ்செல்வி மீது குற்றமில்லை. உறையை வரைந்தவள் நான். ஒற்றைக் கையால் அதைத் திறக்க முடியாது என்று அறிந்தே, அதற்காகவே வரைந்தேன். நாளைக் காலை பத்து மணிக்கு இந்த வாக்குமூலத்தையும் உறையையும் காவல் நிலையத்தில் நானே ஒப்படைப்பது என முடிவுசெய்திருக்கிறேன்.

வளையங்களின் ஓரத்தில் பற்களின் தடம் காணப்படும். அது என் பிழை. இன்னும் சற்றுக் கெட்டியான தோலைத் தேர்ந்தெடுத்திருந்தால் உறை பழுதாகியிருக்காது.