குமாஸ்தா ஆன அன்று போட்ட மாலை

பிள்ளைகளே, ஆரணி பஸ் நிலையத்தில் தேவிகாபுரம் வண்டிக்காக நின்றபோது, பட்டு சொசைட்டியில் வேலை செய்யும் இருவர் பேசிக்கொண்டது இது.

"குமாஸ்தா ஆக்கி என்னைக் கவுத்துட்டாங்கப்பா," என்றார் நரைத்தவர்.

"என்னாண்ணே, மொத்தமா ஐந்நூறு ரூபா குடுத்தாங்களே?" என்றார் இளையவர்.

"அது ஒரு தபாதான். மாசச் சம்பளத்துல சேராது. புது வேலைன்னு சொல்லி ஆரம்பச் சம்பளத்துல வச்சிட்டாங்க. இருபது வருஷமா ஏறினதெல்லாம் போச்சு. போன மாசம் சேர்ந்தவனும் நானும் இப்ப ஒண்ணு."

"படிச்சுப் பாக்காமலா கையெழுத்து போட்டீங்க?"

"மாலை போட்டாங்க. அந்த குஷில போட்டுட்டேன்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"எப்படிச் சொல்றது? அந்த மாலையை ஆணியில மாட்டி வச்சிட்டு, பொண்ணுக்கு இனிமே பெரிய எடமாப் பாக்கலாம்னு தெருவெல்லாம் சொல்லிகினு கீறா."