பஸ் ஹோர்னின் அபஸ்வரம்

பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் போக நான் ஏறிய பஸ்ஸில், டிரைவருக்குப் பின்சீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள்.

"கேம்பஸ்ல காதுக்குமாடி சோதனை வைப்பாங்க?"

"ஆமாம்மா. சங்கீதம் படிக்கணும்னா பாடினா மட்டும் பத்தாது. ரெண்டாவதா ஒரு வாத்தியம் பழகணும், கூட்டத்தோட சேந்து பாடணும், எந்தச் சத்தத்தக் கேட்டாலும் சுருதி சொல்லணும்."

"எங்க, இந்த பஸ் ஹோர்னுக்குச் சொல்லு பாப்போம்."

"ரெண்டு சத்தம் வருதும்மா. ஒண்ணோட ஒண்ணு சேரல. சுத்த அபஸ்வரம்."

டிரைவர் கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த வளைவில் அவர் ஹோர்ன் அடிக்கவில்லை. எதிரே வந்த தேயிலைக் கொழுந்து லொறியிடமிருந்து மயிரிழையில் தப்பினோம்.

"ஏண்டி, சேருதுன்னு சொல்லித் தொலையேன்!"

"சேருதுங்கண்ணே, நல்லாவே சேருது!"

ஹட்டன் வரும்வரை அவர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை.