மங்கிப்போன வால்நட்சத்திரம்

திருவொற்றியூர் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு நண்பர்கள். ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

“அந்த வால்நட்சத்திரத்தாண்ட நான் மன்னிப்பு கேக்கணும் மாமு,” என்றார் அவர்.

“இன்னாத்துக்கு?”

“மூணு மாசமா மொட்டமாடில குந்தி, எங்க கீது, எவ்ளோ வெளிச்சம்னு நோட்டுல எழுதிகினு வந்தேன். மங்கிகினே போச்சு. வானம் பாக்குற குரூப்புல போட்டா, ‘பளிச்சுனு ஏறிகினு கீதே’ன்றாங்க. சண்டையே போட்டேன்.”

“மத்த நட்சத்திரம்?”

“அதுவுந்தான் மங்குச்சு. எண்ணூர் ஃபேக்டரி பொகைன்னு நெனச்சேன். அப்பால ஒருநாள் மீன் முள்ளு கண்ணுக்கு தெரியாம முழுங்கிட்டேன். பொண்டாட்டி கண்ணு டாக்டராண்ட இட்டுகினு போனா. கண்புரையாம்.”

நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஆபரேஷன் ஆயி பாத்தா, வால்நட்சத்திரம் போயே போச்சு. நோட்ட டாக்டராண்ட காட்டினேன். ‘கண்ணு மங்குனத தேதி போட்டு இவ்ளோ கரெக்டா எழுதுன பேஷண்ட பாத்ததேயில்ல’ன்னாரு.”