புள்ள பொறந்தாதான் காலி

நல்லா பாத்துக்கோ சிஸ்டர். இதான் ஹாலு, இதான் பெட்ரூமு, இதான் பூஜ ரூமு. எந்தப் பக்கம் திரும்பி நிக்கிறமோ அந்த ரூமு.

ஓனரா? கலையரசன்னு பேரு. அணுபுரத்துல கீறாரு. நம்ம மாமல்லபுரத்துப் பெருமாளயே கோயிலுக்குப் போனாத்தான் சேவிக்க முடியும். இவரு ஒண்ணாந் தேதியானா வூடு தேடி வந்து தரிசனம் குடுப்பாரு. காணிக்க வெக்காம நகர மாட்டாரு.

பெருமாளு மத்த ஊர்லல்லாம் பாம்பு மேல படுத்துகினு கீறாரு. இங்க மட்டும் வெறுந்தரையில. பாவம், பாம்ப அட்வான்ஸ்ல கழிச்சுகினாங்களோ இன்னாவோ.

எங்க அட்வான்சா? அத எப்பவோ தின்னாச்சும்மா. பையன் விஷாலுக்கு சிறுசேரில கம்ப்யூட்டர் வேல. நாமல்லாம் ஒரே குடும்பம்னு மீட்டிங்ல சொல்லிட்டு, அன்னிக்கி சாயந்தரமே கேட்டுக்கு வெளிய வுட்டானுங்க. அப்புறம் மாசா மாசம், வாடகைய அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க, கழிச்சுக்கங்கன்னோம். கழிஞ்சு பூடுச்சு. இப்ப சனி ஞாயிறுல பீச் ரோட்டு ஓட்டல் வாசல்ல நின்னு காருக்குக் கை காட்றான். கூட்டம் வந்தாத்தான் கூலி. எங்க வருது? எம்.சி.ஏ. படிச்சுட்டு கடக்காத்துக்கு வழி காட்டிகினு கீறான்.

டூலெட் போர்டு மாட்டினவரு எங்கள ஏன் இன்னும் வெச்சுகினு கீறாருன்னுதானே கேக்குற? மருமவ முழுகாம கீறாளே. வாயும் வயிறுமா கீற பொண்ண வூடு மாத்த வெச்சா பாவம்னு பயம் அவருக்கு. வேல போனவன் பட்டினிக்கு இரங்காத மனுசன், பொறக்காத புள்ளைக்கு நடுங்குறாரு. புள்ள பொறந்தாதான் காலின்னுட்டாரு. அவரு சம்சாரம் குங்குமப்பூ டப்பா வேற குடுத்தனுப்பிச்சாங்க. அத கடையில குடுத்து அரிசி வாங்கிகினோம். செவப்பா பொறந்து இன்னா ஆவப் போவுது.

சியாமளா, சிஸ்டருக்குத் தண்ணி குடும்மா.

இன்னா சிஸ்டர் அப்டி பாக்குற? எட்டாம் மாசம். ஆமா, குனிஞ்சுதான் சொம்ப எடுத்தா. சுறுசுறுப்பான பொண்ணு. ஸ்கேனா? அதெல்லாம் எடுத்தாச்சு, அதெல்லாம் இன்னாத்துக்கு. தொட்டெல்லாம் பாக்க வேணாம்மா. சியாமளா, மாடியில துணி காயுது, போய் எடுத்துகினு வா.

செங்கல்பட்டுல நீ பிரசவ வார்டா? வூடு பாக்க வர்றவங்க அத மொதல்லயே சொல்றதில்லியா?

சரி. கதவ சாத்து.

தலகாணிதான். ஓனரு வாசல்ல நின்னு கத்தின அன்னிக்கி, பெருமாள சேவிச்சுட்டு வந்து தின்ன துளசி வாசன கூட போவல, இந்த வாயிதான் மருமவ முழுகாம கீறான்னு சொல்லிச்சு. பையனுக்கு ஒரு வேல கெடைக்கிற வரைக்கும்னு நெனச்சேன். வேல வரல, மாசம் மட்டும் ஏறிக்கினே போவுது. வர்ற வெள்ளிக்கெழம ஓனரு சம்சாரம் வளகாப்புக்கு வளையலோட வராங்களாம்.

அவருகிட்ட சொல்லணும்னா சொல்லிடு. வூடும் உனக்குக் கெடைக்கும், நான் தடுக்கல. அதுக்கு முன்னாடி சியாமளாகிட்ட நீ ஒரு வார்த்த பேசும்மா. கல்யாணமாகி ஒம்போது வருசம். ஓனரு வர்றப்ப மட்டும் கட்டிக்கோன்னுதான் சொன்னேன்.

இப்ப கழட்ட மாட்டேங்குறா.